கர்னல் பேட்ச் அனுப்பும் முன்: நீங்கள் மாற்றிய வரி ஓடியதா?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு முதல் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) எழுதுகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, அதை எப்படி அனுப்புவது, யாருக்கு அனுப்புவது என்பதைத்தான். அதற்கெல்லாம் கர்னல் சோர்ஸுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் இருக்கிறது. 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்டிடம் பேட்ச் ஃபைலைக் கொடுத்தால் யாருக்குப் போக வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் "இதை எப்படிச் சோதித்தீர்கள்?" என்று மெயின்டெய்னர் (அந்தப் பகுதிக் கோடுக்குப் பொறுப்பானவர்) திருப்பிக் கேட்கும்போது "பூட் ஆச்சு, ஒன்றும் ஆகவில்லை" என்பதைத் தவிர வேறு பதில் இல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். பூட் ஆனது என்றால் பூட் ஆகும் வழியில் இருக்கிற கோட் ஓடியது என்று மட்டும்தான் பொருள், நீங்கள் தொட்ட வரி ஒரு முறைகூட ஓடாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு யுஎஸ்பி சென்சார் டிரைவர். அதற்கான பேட்ச் மூன்று முறை மாறித்தான் உள்ளே போனது, அந்த மூன்று முறையில் கற்றதை வைத்தே இதைச் சொல்கிறேன். (கமாண்ட், ஃபங்ஷன் பெயர்களையெல்லாம் உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

பிரச்சினை இதுதான். சென்சாரைச் செருகி, சில நொடிகள் கழித்து உருவினால், எப்போதாவது ஒரு முறை கர்னல் ஊப்ஸ் (உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்ற பிழை அறிக்கை) அடித்து மெஷின் உறைந்துவிடும். ஊப்ஸில் வந்த ஸ்டாக்கில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில்) என் டிரைவரின் பெயரே இல்லை. டைமர் கோட், வொர்க்க்யூ (பின்னணி வேலைகளின் வரிசை) கோட், அவ்வளவுதான். டிரைவர் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை சென்சாரைப் படிக்க ஒரு டிலேய்ட் வொர்க் (குறித்த நேரம் கழித்து ஓடும் பின்னணி வேலை) வைத்திருந்தது, அந்த வொர்க் முடியும்போது தன்னையே மறுபடி க்யூவில் போட்டுக்கொள்ளும். நான் கோடைப் பார்த்தேன், வொர்க் ஃபங்ஷனின் தொடக்கத்தில் "பாயின்டர் நல் (வெற்று முகவரி) என்றால் திரும்பிவிடு" என்று ஒரு செக் போட்டேன், 20 முறை உருவிப் பார்த்தேன், ஊப்ஸ் வரவில்லை, அனுப்பிவிட்டேன்.

மெயின்டெய்னர் இரண்டே கேள்வி கேட்டார். பேட்ச் இல்லாமல் எத்தனை முறைக்கு ஒரு முறை விழுகிறது? பேட்ச் போட்ட பிறகு எத்தனை முறை ஓட்டினீர்கள்?

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பேட்ச் இல்லாத கர்னலில் ஏறத்தாழ 30 முறைக்கு ஒரு முறை விழுந்தது. அப்படியென்றால் எந்தத் திருத்தமும் செய்யாமலே 20 முறை தொடர்ந்து விழாமல் இருப்பதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. 30-ல் 29-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள், 0.5 பக்கம் வரும். நான் சோதனை என்று நினைத்தது நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததற்குச் சமம். எப்போதாவது வரும் பக்குக்கு (பிழைக்கு) ஒரு கைக்கணக்கு உண்டு: எத்தனைக்கு ஒரு முறை விழுகிறதோ அதைப்போல மூன்று மடங்காவது விழாமல் ஓட வேண்டும். 30-க்கு ஒன்று என்றால் 90 ஓட்டம், அப்போதுதான் வெறும் அதிர்ஷ்டத்தால் தப்பியிருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே வரும்.

ஆகவே முதல் வேலை, திருத்துவது அல்ல, விழ வைப்பது. பேட்ச் இல்லாத கர்னலில் பிரச்சினையை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கத் தெரியாவிட்டால், பேட்ச் அதைச் சரிசெய்தது என்று சொல்ல உங்களிடம் ஆதாரமே இல்லை.

இதற்குக் கையால் உருவிச் செருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களையும் டிரைவர்களையும் கர்னல் ஃபைல்களாகக் காட்டும் இடம்) ஒவ்வொரு யுஎஸ்பி டிரைவர் டைரக்டரியிலும் பைண்ட், அன்பைண்ட் என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். அன்பைண்டில் இன்டர்ஃபேஸின் பெயரை எழுதினால், சாதனத்தை உருவினால் ஓடும் அதே டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் ஓடும், பைண்டில் எழுதினால், சாதனத்தைச் செருகும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷன் ஓடும். ஷெல்லில் ஒரு லூப், நடுவில் கொஞ்சம் மாறுகிற ஸ்லீப், அவ்வளவுதான், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். உருவும்போது ஓடுகிற எல்லாமே அன்பைண்டில் ஓடிவிடாது என்பது உண்மைதான் (கம்பியில் பாதியில் நின்ற டேட்டாவெல்லாம் வேறு கதை), அதனால் கடைசியில் கையாலும் சில முறை உருவிப் பார்ப்பேன்.

இன்னொரு வழி, ரேஸ் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடி ஒன்றோடொன்று மோதுவது) நடக்கும் இடைவெளியை வேண்டுமென்றே அகலப்படுத்துவது. இரண்டு சிபியுக்கள் ஒரே நேரத்தில் மோதினால்தான் பக் வரும் என்று சந்தேகம் வந்தால், சந்தேகப்படுகிற இடத்தில் தற்காலிகமாக ஒரு எம்ஸ்லீப் 200 போடுங்கள். வொர்க் ஃபங்ஷன் உள்ளே நுழைந்ததும் 200 மில்லிசெகண்ட் தூங்கட்டும், அதற்குள் அன்பைண்ட் ஓடட்டும். 30-க்கு ஒன்றாக இருந்தது எனக்கு மூன்றுக்கு ஒன்றானது. அந்த எம்ஸ்லீப் வரியைத் தனி கமிட்டாக வைத்துக்கொண்டால் பேட்ச் உள்ள கர்னல், இல்லாத கர்னல் இரண்டிலும் ஒரே மாதிரி போட்டு ஒப்பிடலாம், அனுப்பும்போது தவறிப்போய் உள்ளே போகவும் செய்யாது.

சோதனைக்கு உங்கள் அன்றாட மெஷினை எடுக்காதீர்கள். ஃபைல்சிஸ்டம் பக்கம் கை வைக்கிறவர் என்றால் கண்டிப்பாக எடுக்காதீர்கள். க்யூஎமு என்ற மென்பொருளில் ஒரு விஎம் (மெய்நிகர் மெஷின்) போதும். வர்ட்மி-என்ஜி என்று ஒரு கருவி இருக்கிறது, கர்னல் டைரக்டரியில் நின்று அதன் பில்ட் கமாண்டைக் கொடுத்தால் தேவையான அளவுக்கு மட்டும் கான்ஃபிக் (எந்த வசதிகள் பில்டில் சேர வேண்டும் என்ற தேர்வு) போட்டுக் கம்பைல் செய்து, உங்கள் மெஷினின் ஃபைல்சிஸ்டத்தையே காட்டி அந்தக் கர்னலைச் சில நொடிகளில் பூட் செய்துவிடும். தனியாக டிஸ்க் இமேஜ் செய்து திண்டாட வேண்டாம். நிஜ யுஎஸ்பி சாதனத்தையும் க்யூஎமு வழியாக விஎம்முக்குள் தள்ளிவிடலாம். நிஜ ஹார்டுவேரில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் 'லோக்கல் மாட் கான்ஃபிக்' போட்டுக்கொள்ளுங்கள், அந்த மெஷினில் இப்போது லோட் ஆகியிருக்கிற மாட்யூல்களை மட்டும் பில்ட் செய்யும், காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். மெஷின் உறைந்தால் கடைசி வரிகள் கையில் கிடைக்க சீரியல் கன்சோலோ, இன்னொரு மெஷினுக்கு யுடிபியில் லாக் அனுப்பும் நெட்கன்சோலோ முன்கூட்டியே போட்டு வையுங்கள். உறைந்த திரையை மொபைலில் போட்டோ எடுத்தால் மேலே ஓடிப்போன வரிகள் கிடைக்காது, உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த மேல் வரிகள்தான்.

அப்புறம் கான்ஃபிக். இதில்தான் பாதி வேலை முடிகிறது என்பேன்.

என் முதல் பேட்ச் ஏன் தப்பு என்று எனக்குச் சொன்னது கேசான், மெமரியைத் தப்பாகத் தொடுவதைப் பிடிக்கும் கர்னல் கருவி. கர்னல் 4.0-ல், 2015-ல் உள்ளே வந்தது. 8 பைட் மெமரிக்கு 1 பைட் வீதம் நிழல் மெமரி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மெமரியைத் தொடும்போதும் இது தொடக்கூடியதுதானா என்று பார்க்கும். மெஷின் கணிசமாக மெதுவாகும், பரவாயில்லை. கேசானோடு பில்ட் செய்து அதே லூப்பை ஓட்டியதும் "ஸ்லாப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ" (விடுவித்த மெமரியை மறுபடி தொடுவது) என்று தலைப்போடு ரிப்போர்ட் வந்து விழுந்தது. அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது முக்கியம். முதல் ஸ்டாக், இப்போது யார் தப்பாகத் தொட்டது. அதற்குக் கீழே "அலோகேட்டட் பை", அந்த மெமரியை யார் எடுத்தது. அதற்கும் கீழே "ஃப்ரீட் பை", யார் விடுவித்தது. வொர்க்க்யூ சம்பந்தப்பட்டால், அந்த வொர்க்கைக் கடைசியாக க்யூவில் போட்டது யார் என்றும் ஒரு ஸ்டாக் வரும். என் விஷயத்தில் எடுத்தது ப்ரோப், விடுவித்தது டிஸ்கனெக்ட், தொட்டது கேவொர்க்கர் (வொர்க்குகளை ஓட்டும் கர்னல் த்ரெட்), க்யூவில் போட்டது அந்த வொர்க்கே. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கதை முழுசாகத் தெரிந்தது.

டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் 'கேன்சல் டிலேய்ட் வொர்க்' கூப்பிட்டுவிட்டு மெமரியை விடுவித்துவிடும். ஆனால் அந்த ஃபங்ஷன், க்யூவில் காத்திருக்கும் வொர்க்கை மட்டும்தான் எடுக்கும். வேறு சிபியுவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது ஓடி முடித்து, தன்னை மறுபடி க்யூவில் போட்டுக்கொள்ளும், 100 மில்லிசெகண்ட் கழித்து டைமர் எழும்போது அங்கே மெமரி இல்லை. ஊப்ஸ் ஸ்டாக்கில் டைமர் கோட் மட்டும் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். நான் போட்ட நல் செக்கால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் விடுவித்த மெமரியின் பாயின்டர் நல் ஆகாது, பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். ஸ்லாப் பாய்சனிங் போட்டிருந்தால் விடுவித்த மெமரி முழுக்க 6பி (6b) என்ற ஹெக்ஸ் பைட்டால் நிரப்பப்படும், எனவே ஊப்ஸில் ரெஜிஸ்டர்களில் 6பி6பி6பி என்று வரிசையாகக் கண்டால் வேறெதையும் பார்க்கும் முன் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீயைச் சந்தேகியுங்கள். டீபக் ஆப்ஜெக்ட்ஸ் ஆப்ஷனில் டைமர், வொர்க், ஃப்ரீ மூன்றையும் போட்டிருந்தால் இன்னும் ஒரு படி முன்னாலேயே பிடிபட்டிருக்கும்: விழும்போது அல்ல, உயிரோடு இருக்கும் டைமரை விடுவிக்கிற அந்த நொடியிலேயே கத்தும்.

கேசான் இல்லாமல் வெறும் ஊப்ஸ் மட்டும் கையில் இருந்தால்? முதலில் வந்த ஊப்ஸை மட்டும் நம்புங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் முதல் அடியில் சிதறிய துண்டுகளாக இருக்கலாம். "டெய்ன்டட்" வரியைப் பாருங்கள். டி (D) இருந்தால் ஏற்கெனவே ஒரு ஊப்ஸ் நடந்திருக்கிறது, ஓ (O) இருந்தால் கர்னல் மரத்துக்கு வெளியே இருந்து வந்த மாட்யூல் லோட் ஆகியிருக்கிறது, பி (P) இருந்தால் மூடிய சோர்ஸ் மாட்யூல். ஓவோடும் பியோடும் ரிப்போர்ட் அனுப்பினால் "அதில்லாமல் முயன்று பாருங்கள்" என்றுதான் பதில் வரும், அது நியாயமும்கூட. ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் பிளஸ் போட்டு வரும் எண்ணை வரி எண்ணாக மாற்ற ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் 'டீகோட் ஸ்டாக்ட்ரேஸ்' இருக்கிறது, லாக்கையும் டீபக் இன்ஃபோவோடு பில்ட் ஆன விஎம்லினக்ஸ் (கம்பைல் ஆன கர்னல்) ஃபைலையும் கொடுத்தால் ஒவ்வொரு வரியும் ஃபைல் பெயர், வரி எண்ணோடு வரும். விழுந்த கர்னலும் அந்த விஎம்லினக்ஸும் ஒரே பில்டாக இருக்க வேண்டும். இடையில் ஒரு வரி மாற்றி மறுபடி பில்ட் செய்துவிட்டு அந்த ஸ்கிரிப்டை ஓட்டினால் அது சொல்லும் வரி எண் தப்பாக இருக்கும், தப்பென்று உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நல் டீரெஃபரன்ஸ் என்று சொல்லி முகவரி 18 என்ற ஹெக்ஸ் எண்ணைக் காட்டினால், ஒரு நல் ஸ்ட்ரக்ட் பாயின்டரில் 24-ஆவது பைட்டில் இருக்கிற உறுப்பைத் தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த ஸ்ட்ரக்டில் 24-ல் என்ன இருக்கிறது என்று பேஹோல் கருவி சொல்லும்.

சரி, என் இரண்டாவது பேட்ச். 'கேன்சல் டிலேய்ட் வொர்க் சிங்க்' என்று மாற்றினேன். அது ஓடுகிற வொர்க் முடியும்வரை காத்திருக்கும், தன்னையே மறுபடி க்யூவில் போட்டுக்கொள்ளும் வொர்க்கையும் சரியாக நிறுத்தும். அதே லூப்பை ஓட்டினேன். கேசான் வாய் திறக்கவில்லை. ஆனால் லாக்டெப் திறந்தது.

லாக்குகளைப் பிடிக்கும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப்பை, கர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னார் எழுதி 2006-ல் உள்ளே கொண்டுவந்தார். கர்னலில் வேலை செய்கிற யாரும் அதை அணைத்து வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றே போவது) நடக்கும்வரை காத்திருப்பதில்லை. ஒரு இடத்தில் ஏ என்ற லாக்கைப் பிடித்துவிட்டு பி என்ற லாக்கைப் பிடித்ததையும், வேறொரு நாள் வேறு வழியில் பி பிடித்துவிட்டு ஏ பிடித்ததையும் நினைவில் வைத்து, இரண்டும் ஒரு முறையாவது ஓடியிருந்தால் போதும், "பாசிபிள் சர்குலர் லாக்கிங் டிபென்டன்சி" என்று எச்சரிக்கும். என் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன் ஒரு மியூடெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய லாக்) பிடித்துக்கொண்டு வொர்க் முடிவதற்குக் காத்திருந்தது, வொர்க் ஃபங்ஷனோ உள்ளே அதே மியூடெக்ஸைக் கேட்டது. ரிப்போர்ட்டில் "வொர்க் கம்ப்ளீஷன்" என்ற பெயரில் ஒரு லாக் தெரிந்தபோது முதலில் குழம்பினேன், என் கோடில் அப்படி ஒரு லாக்கே இல்லையே என்று. வொர்க் முடிவதற்குக் காத்திருப்பதையும் லாக்டெப் ஒரு லாக்காகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் இதைப் பிடிக்க முடிந்தது. ஒன்றை மறக்க வேண்டாம்: லாக்டெப் ஒரு ரிப்போர்ட் கொடுத்ததும் தன்னை அணைத்துக்கொள்ளும், மறுபடி பூட் செய்யாமல் ஓட்டினால் அடுத்த பிரச்சினையைச் சொல்லாது.

மூன்றாவது பேட்சில் மியூடெக்ஸைப் பிடிப்பதற்கு முன்னாலேயே வொர்க்கை நிறுத்தினேன். வெறும் இரண்டு வரி இடமாற்றம்தான்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்றாவது பேட்சோடு 300 முறை ஓட்டியும் விழவில்லை, சரி, ஆனால் மாற்றிய வரி ஓடியதா, அதிலும் ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்குக்காக நிஜமாகவே காத்திருந்த சந்தர்ப்பம் வந்ததா? கர்னல் ஃபங்ஷன்கள் ஓடுவதைப் பதிவு செய்யும் எஃப்ட்ரேஸில் ஃபங்ஷன் கிராஃப் ட்ரேசரைப் போட்டு டிஸ்கனெக்ட் ஃபங்ஷனை மட்டும் பார்த்தேன். பெரும்பாலான ஓட்டங்களில் அந்த அழைப்பு சில மைக்ரோசெகண்டில் முடிந்தது, சிலவற்றில் மட்டும் 100, 150 மில்லிசெகண்ட் எடுத்தது. அந்தச் சிலதான் என் உண்மையான சோதனை, மற்றவை வெறும் எண்ணிக்கை. நீங்கள் தேடும் ஃபங்ஷன் எஃப்ட்ரேஸ் பட்டியலில் இல்லையென்றால் கம்பைலர் அதை இன்லைன் செய்திருக்கலாம் (கூப்பிடும் இடத்திலேயே கோடைச் சேர்த்துவிடுவது), பெர்ஃப் ப்ரோப் கொண்டு வரி எண்ணைக் குறிப்பிட்டே கண்ணி வைக்கலாம். ப்ரின்ட்கே (கர்னல் லாக்கில் ஒரு வரி எழுதும் ஃபங்ஷன்) போட்டால் பக் மறைந்துபோகிறது என்றால் சீரியல் கன்சோலுக்கு எழுதும் நேரம் ரேஸையே மாற்றிவிடுகிறது, அந்த இடத்தில் ட்ரேஸ் ப்ரின்ட்கே போடுங்கள், அது மெமரியில் எழுதிவிட்டு உடனே நகர்ந்துவிடும்.

எரர் பாத்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ரோப் நடுவில் தோற்றால் ஓடுகிற கோட் சாதாரணமாக ஓடவே ஓடாது. ஃபால்ட் இன்ஜெக்ஷன் (வேண்டுமென்றே தோற்க வைக்கும் வசதி) போட்டு பில்ட் செய்து, ப்ராக் செல்ஃபில் 'ஃபெயில் என்த்' ஃபைலில் 1 எழுதிவிட்டு அதே ஷெல்லிலிருந்து பைண்ட் செய்யுங்கள், முதல் மெமரி அலோகேஷன் தோற்கும். பிறகு 2, 3 என்று ப்ரோப் வெற்றிகரமாக முடியும்வரை ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு எரர் லேபிளும் ஒரு முறை ஓடிவிடும். மெமரி அலோகேஷனைத் தோற்க வைக்கும் ஃபெயில்ஸ்லாபில் 'இக்னோர் ஜிஎஃப்பி வெயிட்' இயல்பாக ஆம் என்று இருக்கும், அதை இல்லை என்று மாற்றாவிட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் அலோகேஷன் எதுவும் தோற்காது. இதில் அரை நாள் இழந்தவர்களை எனக்குத் தெரியும். கேமெம்லீக்கையும் சேர்த்துப் போட்டால் திரும்பக் கொடுக்காத மெமரியும் தெரிந்துவிடும்.

உங்கள் மெஷினில் பில்ட் ஆவது எல்லா இடத்திலும் பில்ட் ஆவதாகாது. குறைந்தபட்சம் டிரைவரை உள்ளேயே சேர்த்தும், மாட்யூலாகவும், பவர் மேனேஜ்மென்ட் அணைத்தும் பில்ட் செய்யுங்கள், கூடுதல் எச்சரிக்கைகளைக் காட்டும் 'டபிள்யூ 1' (W=1) ஆப்ஷனோடு, கோடை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்பார்ஸும் போட்டு. ஒரு 32-பிட் பில்டும் செய்யுங்கள். 64-பிட் எண்ணைச் சாதாரண வகுத்தல் குறி போட்டு வகுத்திருந்தால் உங்கள் மெஷினில் ஒன்றும் தெரியாது, 32-பிட்டில் லிங்க் ஆகும்போது தெரியாத சிம்பல் என்று நிற்கும், டிவ் யு64 போன்ற ஃபங்ஷனைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்டெலின் கர்னல் டெஸ்ட் ரோபாட் எப்படியும் இதைப் பிடித்து மெயில் அனுப்பும், ஆனால் அது வருவதற்குள் பத்து பேர் உங்கள் பேட்சைப் படித்திருப்பார்கள், அவர்களின் நேரம் உங்களுடையதைவிட மலிவானதல்ல.

பேட்ச் ஒரு தொடராக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக பில்ட் ஆக வேண்டும், பூட் ஆக வேண்டும். மூன்றாவது பேட்சில் உடைத்துவிட்டு நான்காவதில் சரிசெய்வது ஏற்கப்படாது, காரணம் பைசெக்ட், அதாவது பிழையைக் கொண்டுவந்த கமிட்டைத் தேடும் முறை. ஒரு கர்னல் வெளியீட்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கமிட்கள் உள்ளே வருகின்றன, பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போனால் 14 சோதனைக்குள் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும், ஆனால் நடுவில் பில்டே ஆகாத கமிட்கள் கிடந்தால் தேடுகிறவர் தவிப்பார். கிட் ரீபேஸில் எக்ஸெக் ஆப்ஷனில் மேக் கமாண்டைக் கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டிலும் நின்று பில்ட் செய்து பார்க்கும். நீங்களே பைசெக்ட் செய்யும்போது 'பைசெக்ட் ரன்' போடுங்கள். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது, 125 திருப்பினால் இதைத் தாண்டு, 1 முதல் 127 வரை மற்றவை கெட்டது. எப்போதாவது வரும் பக் என்றால் மேலே சொன்ன மூன்று மடங்கு கணக்கை ஒவ்வொரு படியிலும் வையுங்கள். ஒரே ஒரு கமிட்டைத் தவறாக "நல்லது" என்று சொல்லிவிட்டால் கடைசியில் கிடைப்பது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் கமிட், அதைக் காட்டி அவருக்கு மெயில் போடுவது சங்கடமான வேலை.

கடைசியில் கமிட் மெசேஜ். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். நான் மூன்றாவதில் எழுதியது ஏறக்குறைய இப்படி: கேசான், லாக்டெப் போட்ட கர்னலில் பைண்ட் அன்பைண்ட் லூப், வொர்க் ஃபங்ஷனில் 200 மில்லிசெகண்ட் தாமதம் சேர்த்து, திருத்தம் இல்லாமல் 100-ல் 34 முறை ரிப்போர்ட், திருத்தத்தோடு 300-ல் ஒன்றுமில்லை. பிரச்சினையைக் கொண்டுவந்த கமிட்டின் முதல் 12 எழுத்துகளோடு 'ஃபிக்ஸஸ்' வரி. முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பது மூன்று கோடுகளுக்குக் கீழே, அது கிட் வரலாற்றில் ஏறாது. வேறு யாராவது 'டெஸ்டட் பை' கொடுத்திருந்து, நீங்கள் அதற்குப் பிறகு கோடைக் கணிசமாக மாற்றினால், அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அவர் சோதித்தது அந்தக் கோடை, இதை அல்ல.

பிறர் பேட்சைச் சோதிக்கவும் இதே வழிதான். பி4 (b4) கருவியின் ஷஸாம் கமாண்டுக்கு மெசேஜ் ஐடியைக் கொடுத்தால் பேட்ச் தொடர் முழுவதையும் உங்கள் மரத்தில் போட்டுவிடும். எந்த ஹார்டுவேர், எந்த பேஸ் கமிட், பேட்ச் இல்லாமல் என்ன ஆனது, போட்ட பிறகு என்ன ஆனது என்று நான்கு வரி எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன், எழுத்துப்பிழை திருத்தும் பேட்சைவிட இதில் கற்பது பலமடங்கு.

அந்த லூப் ஸ்கிரிப்டையும் எம்ஸ்லீப் கமிட்டையும் நான் அழிக்கவில்லை. பேட்ச் மெயின்லைனில் (லினக்ஸின் முதன்மைக் கிளையில்) சேர்ந்து சில வாரத்தில், பழைய ஸ்டேபிள் கிளை ஒன்றுக்கு அதை எடுத்துப்போவதாக மெயில் வந்தது. அங்கே மியூடெக்ஸ் பிடிக்கும் இடம் வேறாக இருந்தது. அதே ஸ்கிரிப்டை அந்தக் கிளையில் ஓட்டினேன், லாக்டெப் மறுபடி வாய் திறந்தது, அந்தக் கிளைக்கென்று தனியாக ஒரு பேட்ச் எழுதி அனுப்பினேன்.